கறுத்த கிழங்கும் கடைமடை இரும்பும்

கல்யாணச் சமையலுக்கு உருளைக்கிழங்கை முந்தின ராத்திரியே வேகவைத்து, தோலுரித்து, தாம்பாளத்தில் பரப்பி வைப்பார்கள். விடிந்து பார்த்தால் சில கிழங்குகளில் ஒரு பக்கம் மட்டும் ஈயப் பாத்திர நிறத்தில் கறுத்திருக்கும். அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை. வாயில் போட்டால் ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அதை இலையில் வைத்தால் சம்பந்தி வீட்டார் முகம் ஒரு மாதிரி போகும்.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் அப்படிக் கறுத்த கிழங்கு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது காம்புப் பக்கம் தம்பி. செடியோட ஒட்டிக்கிட்டு இருந்த பக்கம். அங்கதான் கறுக்கும். இந்த அண்டாவப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் எலுமிச்சம்பழத்தை மூடி மூடியாகப் பிழிந்தார். அந்த அண்டாவில் வெந்த கிழங்கு மத்தியானம் வரை வெள்ளையாகவே இருந்தது.

நான் ஒரு கல்லூரியில் உணவு வேதியியல் ஆய்வகம் நடத்துகிறவன். கிழங்கில் உள்ள சத்தை அளப்பது எப்படி, அந்தச் சத்து உடம்பில் ஒட்டுவதை எது கூட்டும், எது குறைக்கும் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்கிறேன். அந்தப் பாடத்தின் பாதி அந்தத் தாம்பாளத்திலேயே கிடந்தது.

உருளைக்கிழங்கில் கொஞ்சம் இரும்பு இருக்கிறது. குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்றும் இருக்கிறது. அது பாலிஃபீனால் என்கிற தாவரச் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. காப்பிக்கொட்டையில் நிறைய இருப்பதும் இதுதான். பச்சைக் கிழங்கில் இரண்டும் தனித்தனி அறைகளில் கிடக்கும். வேகும்போது அறைச்சுவர்கள் இடிந்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூட்டில் அந்தச் சேர்க்கைக்கு நிறம் கிடையாது. ஆறி, காற்று பட்டதும் இரும்பு ஒரு படி மாறி, நீலமும் சாம்பலும் கலந்த கறையாகத் தெரியும். கிழங்கில் இயல்பாக இருக்கும் சிட்ரிக் அமிலம் இதைக் கொஞ்சம் தடுக்கும். அது முந்திப் போய் இரும்பைத் தான் பிடித்துக்கொள்ளும். காம்புப் பக்கத்தில் சிட்ரிக் அமிலம் குறைவு, அதனால் அங்கே கறுக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் தாராளம், அதனால் அண்ணனின் அண்டா கறுக்கவில்லை.

ஆக, இரும்பைப் பிடித்து வைக்கிற ஆள் அதே கிழங்குக்குள்ளேயே இருக்கிறான் என்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஆய்வகத்தில் இதைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம்!

டெல்டாக்காரர்களுக்கு அடுத்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடி தொட்டால் அணையில் 93.47 டி.எம்.சி. தண்ணீர். பேப்பரில் அது கொட்டை எழுத்தில் வரும். ஆனால் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி கேட்பது வேறு கேள்வி: "எங்க வாய்க்காலுக்கு எவ்வளவு வந்துச்சு?" நடுவில் கல்லணை இருக்கிறது, மதகுகள் இருக்கின்றன, தூர் வாராத வாய்க்கால் இருக்கிறது, ஆகாயத்தாமரை இருக்கிறது. அணையில் இருப்பதும் வயலில் பாய்வதும் ஒன்றல்ல.

உணவில் உள்ள இரும்பும் அப்படித்தான். 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 0.5 முதல் 0.8 மில்லிகிராம் இரும்பு என்று அட்டவணையில் போட்டிருந்தால், அது மேட்டூர்க் கணக்கு. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர்ந்தது எவ்வளவு என்பது கடைமடைக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, பெரியவர்களான பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது. அவ்வளவு எதற்கு என்றால், நம் சாப்பாட்டிலிருந்து 8 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உடம்புக்கு உண்மையில் வேண்டியது 2 மில்லிகிராம் சொச்சம். மிச்சமெல்லாம் வழியில் போவது. 2019–21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகைக்குக் காரணம் பல உண்டு. இரும்புக் குறை அதில் பெரிய காரணம்.

அதனால் ஒரு கிழங்கு ரகம் நல்லதா என்று கேட்டால், "இரும்பு எவ்வளவு?" என்பதோடு நிறுத்த முடியாது. இரும்பைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் யார், வழிமறிக்கிறவர்கள் யார் என்று அவர்களையும் அளந்தாக வேண்டும்.

தள்ளிக்கொண்டு போகிறவரில் முதல்வர் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். தாவர உணவில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவத்தில் இருக்கும். குடல் சுவரில் இருக்கும் வாசல் ஃபெரஸ் வடிவத்தைத்தான் உள்ளே விடும். வைட்டமின் சி அந்த ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றிவிடும். கூடவே இரும்பைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அது வேறெதிலும் சிக்காமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். பச்சை உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி உண்டு. அரிசியில் அது அறவே கிடையாது. கிழங்கை வெறும் மாவுச்சத்து என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வழிமறிக்கிறவர்களில் குளோரோஜெனிக் அமிலத்தைப் பார்த்துவிட்டோம். இன்னொருவர் பைட்டேட். விதைக்குள் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பெட்டகம் அது. ஆறு பாஸ்பேட் கைகள் உண்டு, இரும்பு, துத்தநாகம், கால்சியம் எது வந்தாலும் கட்டிக்கொள்ளும். தவிடு நீக்காத அரிசியிலும் பருப்பிலும் நிறைய இருக்கும், கிழங்கில் குறைவு. மூன்றாவது ஆக்சலேட். உருளையில் அது சொற்பம். நம் ஊர்ச் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கில் அதிகம். நாக்கு அரிப்பது அந்த ஆக்சலேட் ஊசிகளால்தான். ஆக்சலேட் முக்கியமாகக் கால்சியத்தைக் கட்டும். புளியில் வேகவைத்து, கழுநீரில் ஊறவைத்து நம்மவர்கள் கருணையைப் பழக்கிய கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்.

இனி அளக்கிற வேலைக்கு வருவோம்.

உருளைக்கிழங்கு டெல்டாவில் விளைவதில்லை. கிழங்கு பருக்க ராத்திரிக் குளிர் வேண்டும், 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லது. நம் ஊரில் மார்கழிக்கே அது சந்தேகம். வண்டல் எவ்வளவு உசத்தி என்றாலும் வெயில் விடாது. அதனால் சந்தைக்கு வருவதெல்லாம் லாரிக் கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருகிற ஊட்டிக் கிழங்கு, வடக்கிலிருந்து வருகிற ஆக்ராக் கிழங்கு, கர்நாடகத்துக் கிழங்கு. கடைக்காரருக்கு ஊர்ப்பெயர்தான் தெரியும். ரகத்தின் பெயர் தெரியாது, கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். குஃப்ரி ஜோதி, குஃப்ரி ஸ்வர்ணா என்று ரகங்களுக்குப் பெயர் வைத்தது மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். 1949இல் பாட்னாவில் தொடங்கிப் பிறகு சிம்லாவுக்குப் போனது. சிம்லா பக்கத்துக் குஃப்ரி என்கிற ஊரின் பெயர்தான் ரகங்களுக்கு முன்னொட்டு. ஊட்டி முத்தோரையில் அதன் கிளை உண்டு.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் பிள்ளைகள் ஊட்டிக் கிழங்கிலும் ஆக்ராக் கிழங்கிலும் வைட்டமின் சி அளந்து, ஊட்டி ரகம் உசத்தி என்று முடிவு எழுதிக்கொண்டு வந்தார்கள். நானும் முதலில் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. ஊட்டிக் கிழங்கு தோண்டி ஒரு வாரம்கூட ஆகாதது. ஆக்ராக் கிழங்கு மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்தது. கிடங்கில் சில மாதம் இருந்தாலே வைட்டமின் சி பாதிக்குப் பாதி குறைந்துபோகும். பிள்ளைகள் அளந்தது ரகத்தை அல்ல, வயதை. ரகங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வயலில், ஒரே பருவத்தில் நட்டு, ஒரே நாளில் தோண்டி, ஒரே மாதிரி வைத்திருந்து அளக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்கள் அப்படித்தான் செய்கின்றன. சந்தைக் கிழங்கை வைத்து ரகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது.

அடுத்தது மாதிரி எடுப்பது. ஒரு கிழங்கு ஒரு கிழங்கு மாதிரி இருக்காது. ஒரே கிழங்கிலேயே காம்புப் பக்கம் ஒரு மாதிரி, கண்கள் நெருங்கிய நுனிப் பக்கம் ஒரு மாதிரி. அதனால் பல கிழங்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, எதிரெதிரான இரண்டு கால்பாகங்களை மட்டும் எடுத்துச் சேர்ப்போம். இரண்டு முனையும் சமமாக வந்துவிடும்.

எதனால் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். இரும்பு அளக்கப் போகிற கிழங்கை ஒரு மாணவி வீட்டிலேயே தோல் சீவி, நறுக்கி, டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். நேரம் மிச்சம் என்று நினைத்தாள், பாவம். முடிவில் இரும்பு மற்றவர்களுடையதைப் போல மூன்று மடங்கு வந்தது. "எதால நறுக்கினே?" என்றேன். "ஆத்தா அருவாமனையில சார்." பரம்பரை அரிவாள்மனை, துருவோடு. கிழங்கின் அமிலம் பட்டால் துரு கரையாமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கு அது கெடுதல் ஒன்றும் இல்லை, இரும்புச் சட்டியில் வதக்குவது போலத்தான். அளவைக்குத்தான் ஆகாது. அதனால் ஆய்வகங்களில் பீங்கான் கத்தி வைத்திருப்பார்கள்.

மண்ணும் அதே வேலையைச் செய்யும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிற பொருள், மண்ணில் இரும்பு ஏராளம். தோலில் ஒரு துளி மண் ஒட்டியிருந்தாலும் போதும், கணக்கு தவறிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல தந்திரம் உண்டு: இரும்போடு அலுமினியத்தையும் அளப்பது. மண்ணில் அலுமினியம் குவிந்து கிடக்கும், கிழங்குச் சதையில் மிகக் குறைவு. அலுமினியம் எகிறியிருந்தால், அந்த மாதிரியின் இரும்பு எண்ணை நம்பக்கூடாது. மண்தான் உள்ளே வந்திருக்கிறது.

இரும்பையும் துத்தநாகத்தையும் அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கருவிதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. காய்ந்த கிழங்குப் பொடியை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, அந்தத் திரவத்தை ஆர்கான் பிளாஸ்மாவில், அதாவது மின்னேறித் தகிக்கும் ஆர்கான் வாயுவில், தெளிப்பார்கள். பிளாஸ்மாவின் சூடு சூரியப் பரப்பைவிட அதிகம். அந்தச் சூட்டில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிரும். தீபாவளி மத்தாப்பில் பச்சைக்கு ஒரு உப்பு, சிவப்புக்கு ஒரு உப்பு போடுகிறார்களே, அதே சங்கதிதான். ஒளி எவ்வளவோ அவ்வளவு உலோகம்.

இங்கே புதியவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. முடிவுகள் காய்ந்த எடைக்கு வரும். கிழங்கில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர். ஒரு ரகத்தில் காய்ந்த எடை கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு, இன்னொன்றில் 17 என்று வைத்துக்கொள்வோம். முதல் ரகம்தான் உசத்தி என்று தோன்றும். ஆனால் முதல் ரகத்தில் 100 கிராமுக்கு 16 கிராம்தான் திடப்பொருள், இரண்டாவதில் 24 கிராம் என்றால்? தட்டில் வைக்கிற 100 கிராம் கிழங்கில் முதலாவது தருவது 0.32 மில்லிகிராம், இரண்டாவது 0.41. தோற்றது ஜெயித்துவிட்டது. ஒரு கட்டுரையில் எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது: இது ஈர எடைக்கா, காய்ந்த எடைக்கா?

வைட்டமின் சி அளப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, வீட்டிலேயே ஒரு தோராயம் பார்க்கலாம். சாதம் வடித்த கஞ்சி ஒரு கரண்டி எடுத்து, நிறைய தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்குங்கள். புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். கஞ்சி கருநீலமாக மாறும். இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் கலைந்து, ஒரு கட்டத்தில் பட்டென்று தெளிந்துவிடும். வைட்டமின் சி அயோடினைச் செயலிழக்கச் செய்கிறது. எத்தனை சொட்டில் தெளிகிறது என்று எண்ணினால், எந்தச் சாற்றில் வைட்டமின் சி கூட என்று தெரியும். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து அதே சோதனையைச் செய்யலாம். துருவிய கையோடு செய்ய வேண்டும், நேரம் ஆக ஆகக் குறையும். குடித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், கீழே ஊற்றிவிடுங்கள்.

ஆய்வகத்தில் அயோடினுக்குப் பதில் ஒரு நீலச் சாயம். பெயர் நீளம்: டைகுளோரோஃபீனால் இண்டோஃபீனால். கிழங்கைப் பிளந்த உடனே மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் போட்டு அரைத்துவிடுவோம். தாமதித்தால் கிழங்கின் நொதிகளும் காற்றும் வைட்டமினைத் தின்றுவிடும். வெட்டிய வாழைக்காய் கறுக்கிற மாதிரி கிழங்கும் பழுப்பாகிறதே, அந்த நொதிகள்தான். வடிகட்டிய சாற்றில் பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சாயத்தைத் துளித்துளியாக விட்டால், விழுந்த துளியெல்லாம் நிறமிழந்துகொண்டே போகும். வைட்டமின் சி தீர்ந்த கணத்தில், அடுத்த துளி இளஞ்சிவப்பாகச் சில நொடி நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். சுத்தமான அஸ்கார்பிக் அமிலத்தை வைத்து அன்றைக்கே சாயத்தின் வீரியத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும், நேற்றைய சாயத்தை நம்ப முடியாது.

கண்ணால் பார்த்து நிறுத்துகிற இந்த முறை வெள்ளை, மஞ்சள் சதைக் கிழங்குக்குச் சரி. ஊதாச் சதைக் கிழங்கு வந்தால் கை கட்டிப்போகும். சாறே இளஞ்சிவப்பாக இருக்கும்போது எந்தத் துளியில் இளஞ்சிவப்பு வந்தது என்று யார் சொல்வது? அப்போது எச்.பி.எல்.சி. கருவிக்குத்தான் போக வேண்டும். அது சாற்றை ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தித் தள்ளி, ஒவ்வொரு பொருளையும் வெவ்வேறு நேரத்தில் வெளியே விடும். ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் ஒவ்வொருவராக அவரவர் நிறுத்தத்தில் இறங்குவது போல.

பாலிஃபீனாலை அளக்க ஃபோலின், சியோகால்ட்யூ என்கிற இருவர் 1927இல் கொடுத்த கரைசல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாலிஃபீனால் பட்டால் நீலமாகும், நீலத்தின் ஆழத்தைக் கருவி அளக்கும். மலிவான முறை, எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஆனால் இதில் ஒரு வில்லங்கம். வைட்டமின் சி பட்டாலும் அது நீலமாகும். அதாவது, இரும்பை வழிமறிக்கிறவனை எண்ணப் போய், வழிவிடுகிறவனையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறோம். மொத்த ஃபீனால் எண்ணை மட்டும் பார்த்து ஒரு ரகத்தைக் குறை சொல்வது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனையும் பந்தி திருடனையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்த மாதிரி. குளோரோஜெனிக் அமிலத்தைத் தனியாக எச்.பி.எல்.சி.யில் பார்த்தால்தான் தெளிவு வரும். உருளையில் ஃபீனால்களில் பெரும்பங்கு அதுதான். தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் கூடுதல்.

பைட்டேட்டுக்கு உள்ள சோதனை அழகானது. இரும்பும் சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் சேர்ந்து ஒரு செந்நிறக் கரைசல். அதில் கிழங்குச் சாற்றை விட்டால், சாற்றில் உள்ள பைட்டேட் அந்த இரும்பைப் பிடுங்கிக்கொள்ளும், நிறம் வெளிறும். எவ்வளவு வெளிறியதோ அவ்வளவு பைட்டேட். குடலில் அது என்ன செய்யுமோ அதையே கண்ணாடிக் குழாயில் செய்ய வைத்து எண்ணுகிறோம்.

எல்லாம் அளந்தாயிற்று. இப்போது ஒரு கணக்கு. எடையை எடையோடு ஒப்பிடக்கூடாது, எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஒரு கிலோ எலுமிச்சையும் ஒரு கிலோ பூசணியும் எடையில் ஒன்று, எண்ணிக்கையில் இருபதும் ஒன்றும். பைட்டேட் மூலக்கூறு பூசணி, அதன் எடை எண் 660. வைட்டமின் சி 176. இரும்பு ஏறத்தாழ 56. மில்லிகிராமை இந்த எண்ணால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். வேதியியலில் அதைத்தான் மோல் என்கிறார்கள்.

வேகவைத்த கிழங்கு 100 கிராமில் இரும்பு 0.6, வைட்டமின் சி 13, பைட்டேட் 25 மில்லிகிராம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரும்பு 0.0107, வைட்டமின் சி 0.074, பைட்டேட் 0.038 என்று வரும். ஓர் இரும்புக்கு ஏழு வைட்டமின் சி, மூன்றரை பைட்டேட். பைட்டேட் ஓர் இரும்புக்கு ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் நல்லது என்பது பொது விதி. அந்த விதிப்படி இந்தக் கிழங்கு தேறாது. ஆனால் தடை அதிகமுள்ள சாப்பாட்டிலும் வைட்டமின் சி ஓர் இரும்புக்கு நான்குக்கு மேல் இருந்தால் நிலைமை திரும்பும் என்பது இன்னொரு விதி. அந்த விதியில் இது சுலபமாகத் தேறுகிறது. ஒரே ஒரு விகிதத்தை வைத்து ஜாதகம் பார்க்க முடியாது என்பதற்காகவே இந்த எண்களை எடுத்தேன். துத்தநாகத்துக்கு வைட்டமின் சி உதவி கிடையாது, அங்கே பைட்டேட் விகிதமே பெரிதும் தீர்மானிக்கும். 15ஐத் தாண்டினால் மோசம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கிழங்கு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கும்.

விகிதம் என்பது ஊகம்தான். அடுத்த படி, கண்ணாடிக் குழாயில் ஒரு வயிற்றை உண்டாக்குவது. வெந்த கிழங்கை மசித்து, அமிலமும் பெப்சின் என்கிற வயிற்று நொதியும் விட்டு உடல் சூட்டில் ஆட்டி, பிறகு அமிலத்தை முறித்து, பித்த உப்பும் கணைய நொதிகளும் சேர்த்து மறுபடி ஆட்டுவார்கள். கடைசியில் கரைந்து நிற்கிற இரும்பு எவ்வளவு என்று பார்ப்பது ஒரு முறை. அந்தக் கரைசலை மனிதக் குடல் செல்களைப் போல நடந்துகொள்ளும் கேகோ-2 என்கிற வளர்ப்புச் செல்கள் மேல் ஊற்றி, அவை இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்கிற புரதத்தை எவ்வளவு உண்டாக்குகின்றன என்று பார்ப்பது இன்னொரு முறை. இரும்பு உள்ளே போனால்தான் செல் ஃபெரிட்டின் செய்யும். கடைமடையில் ஈரம் பார்த்துத் தண்ணீர் வந்ததை அறிகிற மாதிரி.

ஆனாலும் கடைசி வார்த்தை மனிதர்களிடம்தான். இரும்பில் இயற்கையாகவே கொஞ்சம் கனமான வகைகள் உண்டு. கதிரியக்கம் இல்லாதவை, ஆபத்தில்லாதவை. அவற்றை உணவில் கலந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து ரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் 1971இலிருந்து கிழங்கையே வேலையாகக் கொண்டது. இரும்பு கூடுதலாக உள்ள ரகங்களையும் அது வளர்த்தெடுத்து வருகிறது. பெரு நாட்டுப் பெண்களிடம் இந்த முறையில் இரண்டு கிழங்குகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண மஞ்சள் சதைக் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 28 சதவீத இரும்பு உடம்பில் சேர்ந்தது. இரும்பு கூடுதலாக இருந்த ஊதாச் சதைக் கிழங்கிலிருந்து 13 சதவீதம்தான். ஊதாக் கிழங்கில் பாலிஃபீனால் அதிகம். அணையில் தண்ணீர் கூடியது, மதகு பாதி மூடிக்கொண்டது. ஆனாலும் அந்த 13கூட நம் 8 சதவீதக் கணக்கைவிட மேல் என்பதைக் கவனியுங்கள். உருளைக்கிழங்கை நான் முன்னைவிட மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தது அந்த 28ஐப் படித்த பிறகுதான்.

இதனால் ஊதாக் கிழங்கு கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரும்பைப் பிடிக்கிற அதே நிறமிகளுக்கு வேறு நன்மைகளைச் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் குஃப்ரி ஜமுனியா என்று ஊதாச் சதை ரகம் வந்திருக்கிறது. கேள்வி என்ன என்பதைப் பொறுத்துத்தான் பதில். இரும்புதான் கேள்வி என்றால், ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

சமையல் முறையும் எண்ணை மாற்றும். தோலோடு முழுசாக வேகவைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் உள்ளேயே தங்கும். நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால், கூடவே அதுவும் சாக்கடைக்குப் போகும். அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் பச்சைக் கிழங்கின் அளவு மட்டும் இருந்தால் எனக்குத் திருப்தி வராது. யாரும் பச்சையாகத் தின்பதில்லையே.

அந்த மண்டபத்துக்கே திரும்புகிறேன். அண்ணன் பொடிமாஸை இறக்கி வைத்துவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சை பிழிந்தார். "அடுப்புல இருக்கறப்ப பிழிஞ்சா கசந்துடும்" என்றார். அடுப்பிலேயே பிழிந்திருந்தால் கசப்பது மட்டுமில்லை, வைட்டமின் சியும் கொஞ்சம் போயிருக்கும். பிழிந்தபின் கிளறி, ஒரு வாழையிலைக் கிழிசலில் எனக்குக் கொஞ்சம் வைத்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருடைய பையன் டபராவில் டிகிரி காபியோடு வந்து நின்றான்.

அமெரிக்காவில் 1983இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. இறைச்சி வைத்த ரொட்டியோடு ஒரு குவளைக் காபி குடித்தவர்களுக்கு இரும்புச் சேர்க்கை 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தபோதும் அதே அளவு குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் மட்டும் குறையவில்லை.

"என்ன தம்பி யோசிக்கிறீங்க, ஆறிடப் போவுது" என்றார் அண்ணன்.

"அடுத்த தடவை வந்த உடனே குடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தேன்.